பன்னிரண்டு யூனிட் எதிராளி

2098-இல் கோவில்பட்டியில் உலை வைப்பதென்றால் முதலில் ஏலத்தில் ஜெயிக்க வேண்டும். கால் மணிக்கு ஒரு முறை மின்சாரம் ஏலத்துக்கு வரும். சுவரில் இருக்கும் ஏலப்பெட்டி, "யூனிட் என்ன விலைக்குக் கேட்கலாம்?" என்று மரியாதையாக விசாரிக்கும். அதிகம் கேட்டவருக்கு முதலில் கொடுப்பார்கள்; அக்கம்பக்கத் தெருக்களுக்குப் பொதுவான மின்தடத்தில் தீர்ந்துவிட்டால் மற்றவர்களுக்கு விசிறிமட்டைதான். சாதாரண நாட்களில் பத்து ரூபாய்க்குள் முடிந்துவிடும். பல் விளக்கிக்கொண்டே ஏலம் கேட்பார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் விலை இருநூறைத் தாண்டியிருந்தது.

செண்பகவல்லி கூடத்தில் கருப்பேழையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அண்டா அளவிலான அந்தக் கண்ணாடிப் பேழைக்குள் அவளுடைய மகள் மிதந்தாள். முப்பத்திரண்டு வாரம். மூன்று கருக்கள் வயிற்றில் தங்காமல் போன பிறகு நாலாவதாக வந்தவள். மின்சாரம் நின்றால் பேழையின் சேமிப்புக்கலம் நாற்பத்தைந்து நிமிடம் தாங்கும். அதற்குப் பிறகு சூடும் நிற்கும், இரத்தம் ஓட்டும் பம்பும் நிற்கும். மருத்துவமனை வண்டி வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டு ஏலம் தோற்றாகிவிட்டது. கலத்தில் பதினைந்து நிமிடம்தான் மிச்சம்.

"உயிர்க் கருவிக்கு முன்னுரிமைன்னு ஒண்ணு இருந்துச்சேங்க!" என்றாள்.

இருந்தது. ஊரில் ஆளுக்கொரு டாக்டர் சீட்டு வாங்கி ஏசி, டிவி, ஊஞ்சல் மோட்டார் எல்லாவற்றையும் உயிர்க் கருவியாக்கிய பிறகு அரசாங்கம் அந்தச் சலுகையை எடுத்துவிட்டது.

அவள் கணவன் உத்தண்டராமன் ஏலப்பெட்டியின் முன்னால் வேர்த்து நின்றான். பின்தெருவில் கடலைமிட்டாய்ப் பட்டறை வைத்திருப்பவன். இந்த வாரம் வேலையாட்களுக்கு விடுமுறை கொடுத்திருந்தான்.

"புழுதி மூட்டத்தால் சூரியத் தகடுகள் மங்கிவிட்டன. காற்றும் இல்லை. தடத்தில் இருப்பது பன்னிரண்டு யூனிட்," என்றது பெட்டி. "மற்ற வீடுகள் ஒதுங்கிவிட்டன. போட்டியில் நீங்களும் இன்னொருவரும்தான். தங்கள் விலை இருநூற்றுப் பத்து. அவர் விலை இருநூற்றுப் பதினொன்று."

"முந்நூறு போடு!"

"அவர் முந்நூற்று ஒன்று."

"யார்றா அவன்? பேரச் சொல்லு!"

பெயர் சொல்வதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. முன்பு சொன்னபோது தோற்றவர்கள் வீடு தேடிப் போய்ச் சட்டையைப் பிடித்தார்கள்.

ஊரே இப்படிக் கொதித்ததற்குக் காரணம் வெயில் மட்டுமல்ல. அடுத்த வாரம் யார் தங்கள் சராசரியைவிடக் குறைவாக மின்சாரம் செலவழிக்கிறார்களோ அவர்களுக்குக் கரிச்சான்று தரப்படும் என்று அறிவிப்பு வந்திருந்தது. எரிக்காத கரிக்குப் பணம். அந்தச் சான்றை எங்கோ ஒரு சிமெண்ட் ஆலை விலைக்கு வாங்கி, அதே அளவு புகையை நிம்மதியாக விடும். நல்ல திட்டம்தான். ஆனால் சராசரியை இந்த வாரம் ஞாயிறு முதல் செவ்வாய் மாலைவரை வைத்துப் பார்ப்பார்கள். நூறு வருடங்களுக்கு முன் ஆடித் தள்ளுபடிக்கு முந்தின வாரம் சேலை விலையை ஏற்றிவைத்த ஊர் அல்லவா, சும்மா இருக்குமா? சராசரியை ஏற்றிவைக்க நாற்பத்தொன்பது டிகிரி வெயிலில் வெந்நீர்க் கொதிகலன் போட்டார்கள். வெறும் கிரைண்டரை ஓட்டினார்கள். விலை கட்டுப்படியாகும்வரை ஓட்டிவிட்டுத்தான் ஒதுங்கினார்கள்.

"நானூறு!" என்று கத்தினான் உத்தண்டராமன்.

"நானூற்று ஒன்று."

"ஒரு பச்சப்புள்ள உயிரோட வெளயாடுறானே! அவன் வெளங்குவானா? அவன் குடும்பம் உருப்படுமா?"

"கையில் இருக்கும் தொகைக்கு இதற்கு மேல் போக முடியாது," என்றது பெட்டி. "ஏலம் முடிய நான்கு நிமிடம்."

செண்பகவல்லி பேழையிலிருந்து முகத்தை எடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பெட்டி, பேரு வேண்டாம். எத்தன யூனிட் கேக்குறான், அத மட்டும் சொல்லு."

"பன்னிரண்டு. நேற்றிலிருந்து ஒவ்வொரு ஏலத்திலும் சரியாகப் பன்னிரண்டு."

"பன்னெண்டு..." அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, நம்ம பட்டறை அடுப்பு ஒண்ணு கால் மணிக்கு எத்தன யூனிட் இழுக்கும்?"

அவன் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தான். நாலு. மூன்று அடுப்பு.

"லீவுன்னுதான சொன்னீக?"

"ஆளுகளுக்குத்தான் லீவு," என்றான். "அடுப்ப மட்டும் சும்மா... சராசரிக்காக... பட்டறை ஏலப்பெட்டிகிட்ட, என்ன வெலையானாலும் விட்ராதன்னு..."

"அடப்பாவி மனுசா! ஓடுங்க!"

ஓடினான். செருப்புப் போடவில்லை. தார் ரோட்டில் கால் வெந்தது. பெற்ற பிள்ளையின் மூச்சுக்கு எதிராகத் தானே ஏலம் கேட்டிருக்கிறோம், சற்று முன் சபித்ததும் தன்னைத்தான் என்று நினைக்க நினைக்க அழுகை வந்தது. மேலே ஒரு கடலைகூட இல்லாமல் பழுத்துக் கிடந்தன அடுப்புகள்.

கூடத்தில் செண்பகவல்லி நொடிகளை எண்ணினாள். இரண்டு நிமிடம். ஒன்று.

"எதிராளி விலகிவிட்டார்," என்றது பெட்டி. "தங்களுக்கு அரை யூனிட், ஒன்பது ரூபாய்க்கு."

பேழையில் பச்சை விளக்கு எரிந்தது. பம்பு துடித்தது. குழந்தை ஒரு காலை நீட்டிக் கண்ணாடியை உதைத்தது. செண்பகவல்லி விம்மி விம்மி அழுதாள்.

உத்தண்டராமன் கொப்புளம் கண்ட காலோடு வந்து அவள் பக்கத்தில் விழுந்தான். கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு, "அப்பாவ மன்னிச்சிரு தாயி," என்று தேம்பினான். "கருப்பசாமி சத்தியமா, இனிமே இந்தப் புத்தி வராது."

அவளுக்கு மனம் இளகிவிட்டது. முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

பெட்டி மறுபடி பேசியது.

"அடுத்த கால் மணிக்கான ஏலம். புழுதி கூடிவிட்டது. தடத்தில் இருப்பது நாலு யூனிட். எதிராளி திரும்ப வந்துவிட்டார்."

செண்பகவல்லியின் கை நின்றது. "எத்தன யூனிட் கேக்குறான்?"

"நாலு."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"ஒரே ஒரு அடுப்புதான், செண்பகம்," என்றான். "சாயங்காலம் அஞ்சு மணியோட சராசரி முடிஞ்சிருது..."