ஏழாவது தந்தி

காலையில் துடைத்து வைத்தபோது வீணையில் ஆறு தந்திகள்தான் இருந்தன. சாயங்காலம் விளக்கேற்றப் போன வைஜயந்தி ஏழு எண்ணினாள்.

மறுபடி எண்ணினாள். வருஷக்கணக்காக டைப் அடித்துத் தேய்ந்த கண், நாற்பத்தாறு வயசு, விடியற்காலையிலிருந்து சுண்டலும் வடையுமாக அடுப்படியில் நின்ற கால். ஒன்று கூடக்குறைய எண்ணினால் அதிசயமில்லை. இரண்டாம் தடவையும் ஏழுதான் வந்தது.

அது அக்கா ஸ்ரீரஞ்சனியின் வீணை. புணேக்குப் பக்கத்தில் தேஹு ரோடு ராணுவ டிப்போ குவார்ட்டர்ஸில், இதே ஹாலில், எட்டு மாதத்துக்கு முன்னால் அவளை யாரோ கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். நெரித்தது இந்த வீணையின் அனுமந்தரத் தந்தியால். இருக்கிற தந்திகளிலேயே தடித்தது அதுதான். போலீஸ் அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு போனது. தந்தியும் திரும்பவில்லை, ஆளும் அகப்படவில்லை. தொண்ணூற்றெட்டு பிப்ரவரியில் திருடன் கொன்றான் என்று எழுதி, நவராத்திரிக்குள் எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள்.

சரஸ்வதி பூஜைக்கு வைத்த வாத்தியத்தை மறுநாள் காலை புனர்பூஜை ஆகும்வரை தொடக்கூடாது. வைஜயந்தி தொடவில்லை. குனிந்து மட்டும் பார்த்தாள். புதுத் தந்தி உலோகமாகத் தெரியவில்லை. வெளுத்த மஞ்சளாக, ஈரமாக, மெட்டுகளின் மேல் படுத்திருந்தது. ஜெண்டுப்பூ மாலையின் பச்சை வாசனைக்கும் சந்தனத்துக்கும் அடியில், மார்க்கெட்டில் கசாப்புக்கடையைத் தாண்டும்போது அடிக்கிற வாடை லேசாக வந்தது.

"அத்திம்பேர், வீணைக்குத் தந்தி போட்டேளா?"

அக்காவின் கணவர் அனந்தராமன் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது கை மடியில் கிடந்தது. ஆடி மாசத்தில் ஒருநாள் அந்தக் கை விழுந்தது, பிறகு எழவில்லை. இங்கே இருக்கிற டாக்டர் நரம்பு என்றார். புணேயில் பெரிய டாக்டரும் நரம்பு என்றார். ஏன் என்று கேட்டால் இருவரும் பேனாவை மூடினார்கள்.

"ஒத்தைக் கையால என்னத்தைப் போடறது," என்றார் அவர்.

எனக்கு வீணையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று போலீஸிடம் சொன்ன அதே மனிதர். இருபத்திரண்டு வருஷம் அக்காவுக்குத் தந்தி மாற்றிக் கொடுத்தது அவர்தான். வைஜயந்திக்கு அது தெரியும். திருடன் என்றால் தந்தியை அறுத்திருப்பான். அன்றைக்குத் தந்தியை முறுக்கும் பிரடையைப் பதமாகத் தளர்த்தி, அடியில் தந்தியைக் கட்டும் நாகபாசத்தில் முடிச்சை அவிழ்த்து, மற்ற ஆறும் சுருதி குலையாமல் ஒன்றை மட்டும் யாரோ எடுத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டருக்கு அதைக் கேட்கத் தெரியவில்லை. தெரிந்தவள் வாயைத் திறக்கவில்லை.

திறந்தாள், பொய்க்கு. அன்று அவர் அவள் வீட்டுக்கு வந்தது ஏழே காலுக்கு. கொடுத்த காப்பியைக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். ஆறரை வாக்கில் கொலை நடந்தது என்று தெரிந்த பிறகு, ஆறு மணிக்கே வந்ததாகச் சொல்லிவிடு, வீண் தொந்தரவு வேண்டாம் என்றார். இந்த ஊரில் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? இன்ஸ்பெக்டரிடம் தன் ஓட்டை ஹிந்தியில் "சே பஜே" என்றாள். ஆறு மணி. இரண்டே வார்த்தை. அதற்கப்புறம் ஒரு ராத்திரியும் அவள் சரியாகத் தூங்கவில்லை. தினமும் வந்து அவருக்குச் சமைத்துப் போட்டாள். பயத்தை விட அலுப்புதான் அதிகமாக இருந்தது.

அக்கா ராவணன் கதையை அடிக்கடி சொல்வாள். கயிலைக்கு அடியில் நசுங்கிக் கிடந்தவன் தன் கை நரம்பையே உருவி வீணையில் பூட்டி சாமகானம் பாடினானாம், சிவன் இரங்கினாராம். சொல்லிவிட்டுச் சிரிப்பாள்: "தானா குடுத்தா பக்தி. குடுக்கலேன்னா வீணை தானே எடுத்துக்கும்."

கரண்ட் போயிற்று.

மைதானத்தில் தாண்டியாக் கோலாட்டப் பாட்டு பாதியில் அறுந்தது. லோனாவ்லா லோக்கல் ரயில் தடதடத்துக்கொண்டு போய் ஓய்ந்தது. ஓடுகளிலிருந்து மழைநீர் சொட்டுகிற சப்தம் மட்டும் மிஞ்சியது. பூஜை விளக்கின் வெளிச்சத்தில் வீணையின் யாளி முகத்தின் நிழல் சுவரில் பெரிதாக அசைந்தது.

அப்போது அந்தப் புதுத் தந்தி ஒலித்தது. ஒரே ஒரு ஸ்வரம். கீழே, மிகக் கீழே.

நாற்காலியில் அந்தச் செத்த கையின் விரல்கள் துள்ளின.

இன்னொரு தரம். விரல்கள் துள்ளின.

அனந்தராமன் கத்தவில்லை. கத்துகிற தெம்பு தாண்டிப்போன முகமாக இருந்தது. "தினமும் இப்படித்தான்," என்றார். "நீ கிளம்பிப் போனப்புறம் அந்தத் தந்தி வரும், விடிஞ்சா இருக்காது."

"அன்னிக்கு ஆறு மணிக்கு எங்கே இருந்தேள்?"

"இங்கேதான்." வலது கையால் அந்த விரல்களை மூடிக்கொண்டார். "டூட்டி முடிஞ்சு வந்தேன். தலைவலி. கொஞ்சம் நிறுத்துடின்னேன். இந்த ஒரு ஆவர்த்தனம் முடிச்சுடறேன்னா அவ. இருபத்திரண்டு வருஷமா இந்த ஒரு ஆவர்த்தனம். எனக்கு அலுத்துப்போச்சு வைஜயந்தி."

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கிறான். ஆனால் உப்பைப் பரிமாறியவள்? வைஜயந்தி உள்ளறைப் பக்கம் திரும்பினாள். அக்கா, என்னை மன்னிச்சுடு என்று மனசுக்குள் சொன்னாள். உள்ளறையில் டெலிபோன் இருந்தது. பூஜையைப் பார்த்த மாதிரி, கதவுக்கு நேராக. போய் எடுத்தாள். கரண்ட் இல்லாவிட்டாலும் அதற்கு உயிர் இருந்தது. போலீஸ் ஸ்டேஷன் நம்பரை விரல் மறக்கவில்லை.

ஏழே கால். அதைச் சொன்னால் போதும். ஏழே காலுக்குத்தான் வந்தார்.

மறுமுனையில் மணி அடித்தது. பின்னால் ஹாலில் டங்கென்று ஒரு தந்தி அறுந்தது. மெல்லிய தந்தி. காலிப் பிரடை ஆடி நின்றது.

"போலா," என்றார் மறுமுனையில் ஒரு போலீஸ்காரர். சொல்லுங்கள் என்று.

வாயைத் திறந்தாள். காற்று வந்தது. குரல் வரவில்லை.

தொண்டையின் அடியில் எதுவோ முனை கழன்றது. வலியில்லை. நூல் இழுபடுகிற மாதிரி, நாக்கின் மேல் வழுக்கி, உதட்டைத் தாண்டி வெளியே போனது. அவள் கையால் பிடிக்கப் பார்த்தாள். ஈரம். நழுவியது.

"போலா, போலா."

விளக்கு வெளிச்சத்தில் அது பளபளத்தது. வெளுத்த, மெல்லிய இழை. அவள் வாயிலிருந்து தரையோடு நிலைப்படி தாண்டி, கோலத்தின் மேலாக, வீணை வரைக்கும். யாரும் தொடாத பிரடை மெள்ளத் திரும்பியது. இழை விறைத்தது. இன்னும் ஒரு சுற்று. சுருதி சேர்ந்தது.

பிறகு வீணை பேசியது. அவளுடைய குரலில், அவளுடைய ஓட்டை ஹிந்தியில், போலீஸ்காரருக்குக் கேட்கும்படித் தெளிவாக.

"சே பஜே."

பிரடை இன்னும் திரும்பிக்கொண்டிருந்தது.

"சே பஜே. சே பஜே."