முப்பத்தேழாம் பாத்தி

“பிடுங்க வேண்டாம்மா. ஈறுதான் வீங்கியிருக்கு. வெதுவெதுன்னு உப்புத் தண்ணியில கொப்பளிங்க, போதும்.”

சொல்லிவிட்டுப் பல் மருத்துவர் சுவரில் இருந்த திரையை ஆவலோடு திரும்பிப் பார்த்தார். அவர் முடிவு பதிவானதும் திரையில் பச்சை எழுத்து மின்னியது: நிஜம்.

“நிஜமான ஆளா நீங்க? என்னைச் சோதிக்க வந்த நடவுன்னுல்ல நினைச்சேன்,” என்றார் ஏமாற்றத்துடன்.

ஜெசிந்தா பர்னாந்து வாயைத் துடைத்துக்கொண்டார். “ஏன் அப்படி நினைச்சீங்க?”

“இவ்வளவு நல்ல பல்லை வச்சுக்கிட்டு வலிக்குதுன்னு வந்தா வேற என்னன்னு நினைக்கிறது? போன வாரம் வந்த நடவுகிட்ட ஏமாந்துட்டேன். வேர் சிகிச்சை பண்ணணும்னு சொல்லித் தொலைச்சேன். மறுபடியும் பயிற்சிக்குப் போங்கன்னு உத்தரவு வந்துடுச்சு. எந்தப் புண்ணியவான் கண்டுபிடிச்சானோ இதை.”

அந்தப் புண்ணியவான் தான்தான் என்பதை ஜெசிந்தா சொல்லவில்லை. சொன்னால் அடுத்த பல்வலிக்கு வேறு ஊருக்குப் போக வேண்டியிருக்கும்.

மறைப்பான் என்ற அந்தச் சோதனை இயந்திரம் பிறந்தது பல்லுக்காக அல்ல, வானத்துக்காக. ஜெசிந்தா இளம் விஞ்ஞானியாக இருந்தபோது வானியலைப் பிடித்திருந்த நோய் ஆசை. விண்மீன் மண்டலங்களுக்கு நடுவே பாலம் இருக்கிறது என்று நம்புகிறவர் பாலத்தைக் கண்டுபிடித்தார். பாலம் இல்லை என்று நம்புகிறவர் அதே படங்களை வைத்துக்கொண்டு இல்லை என்று நிரூபித்தார். இதற்கு ஜெசிந்தா சொன்ன மருந்து எளிமையானது. தொலைநோக்கிகள் அனுப்பும் தகவலில் ஓர் இயந்திரம் ரகசியமாகச் சில பொய்களை நட்டுவைக்கும். அப்படி நட்ட பொய்தான் நடவு. எது பொய் என்று ஆராய்ச்சியாளருக்குத் தெரியாது. அவர் ஆராய்ந்து, கட்டுரை எழுதி, இனி ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகே இயந்திரம் உண்மையைச் சொல்லும். அந்தச் சடங்குக்குத் திறப்பு என்று பெயர் வந்தது. ஆசைப்பட்டு எழுதியவர்கள் எல்லோர் முன்னிலையிலும் மாட்டிக்கொண்டார்கள். சில ஆண்டுகளிலேயே வானியல் சுத்தமாயிற்று.

நல்ல மருந்தை யார் விடுவார்கள்? அரசாங்கம் எடுத்துக்கொண்டது. தாசில்தார் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் யார் மறைப்பான் அனுப்பிய நடவு என்று தெரியாததால் எல்லோருக்கும் உட்கார நாற்காலி கிடைத்தது. காவல் நிலையங்களில் புகாரை முழுக்கக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். நீதிமன்றங்களில் சில வழக்குகள் வழக்கே அல்ல. நீதிபதி தீர்ப்பில் கையெழுத்திட்ட பிறகே அது அவருக்குத் தெரியும். பெண் பார்க்க வரும் வீட்டாரிலும் நடவு உண்டு என்று ஒரு வதந்தி ஓடியது. அரசு அதை இரண்டு முறை மறுத்தும் மக்கள் பஜ்ஜியை நல்ல எண்ணெயிலேயே போட்டார்கள்.

வானியலாளர்களுக்கு மட்டும் கட்டுப்பாடு இன்னும் கடுமை. வானத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுத்திருந்தார்கள். பக்கத்துப் பாத்திக்காரர் கண்டதைப் பார்த்து இவரும் அதையே காணக்கூடாது என்பதற்காக, அவரவர் பாத்தி எந்தத் திசையில் இருக்கிறது என்பதே அவரவருக்குத் தெரியாது. தொலைநோக்கிகள் கொட்டும் தகவலைச் சேர்த்துவைக்க உலகத்தில் இடமில்லை. மறைப்பான் வடிகட்டிக் கொடுத்தது மட்டுமே மிஞ்சும். ஜெசிந்தாவுக்குக் கிடைத்தது முப்பத்தேழாம் பாத்தி. “எக்கா, கண்ணைக் கட்டிக்கிட்டு வலை போடுத முத ஆளு நீதான்,” என்று தூத்துக்குடியிலிருந்து தம்பி சூசை கிண்டல் செய்வான்.

முப்பத்தோரு ஆண்டுகள் அவர் அந்தப் பாத்தியில் குடியிருந்தார் என்றே சொல்லலாம். அங்கே கோடிக்கணக்கான விண்மீன் மண்டலங்கள் மீன்வலையின் இழைகளைப் போலக் கோத்துக் கிடந்தன. வலையின் முடிச்சுகளில் குவாசர்கள் எரிந்தன. ஒரு மண்டலத்தின் நடுவில் இருக்கும் ராட்சதக் கருந்துளை வாயுவை விழுங்கும்போது, விழுங்கப்படும் வாயு கடைசியாகக் கக்கும் வெளிச்சமே குவாசர். அந்த ஒரு வெளிச்சத்தின் முன் முழு மண்டலமும் மங்கிப்போகும். ஜெசிந்தா அவற்றின் தூரங்களை ஒவ்வொன்றாக அளந்து, புள்ளி வைத்து, ஒருநாள் நிமிர்ந்து பார்த்தபோது புள்ளிகள் ஒரு சுவராக நின்றன. நானூறு கோடி ஒளியாண்டு நீளச் சுவர். பேரண்டத்தில் அவ்வளவு பெரிதாக எதுவும் இருக்க முடியாது என்பது பாடப்புத்தகக் கொள்கை. சுவர் நின்றால் கொள்கை விழும்.

அதற்குப் பிறகும் ஏழு ஆண்டுகள் அவர் கையெழுத்துப் போடவில்லை.

“எப்பத்தான் திறக்கிறதா உத்தேசம்?” என்று கேட்டார் ரகோத்தமன். ஏலகிரி மலை ஆய்வகத்தின் இயக்குநர். ஜெசிந்தாவோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர். அந்தப் பாடப்புத்தகக் கொள்கையைத் தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவரே.

“இன்னும் ஒரு தடவை சரிபார்க்கணும்.”

“அடுத்த மாசம் ரிட்டயர் ஆகுறீங்க. திறக்காம போனீங்கன்னா பாத்தி வேற ஆளுக்குப் போயிடும். சுவரும் அவங்க பேருக்குப் போயிடும். சம்மதமா?”

“உங்களுக்கு என்ன அவசரம் ரகு? நான் தோக்கிறதைப் பாக்கணுமா?”

“சுவர் நிஜமா இருந்தா தோக்கிறது நான். என் கிளாஸ் நோட்ஸ் எல்லாத்தையும் பழைய பேப்பர்காரன்கிட்ட போட வேண்டியதுதான். போட்டுடறேன்.” மேஜையில் இருந்த மூக்குக் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். “நடவா இருந்தா ஒரு வாரம் அழுதுட்டுப் போங்க. தெரியாம வீட்டுல உக்காந்திருக்கிறது மட்டும் வேண்டாம்.”

ஜெசிந்தாவுக்கு அது நியாயமாகப் பட்டது.

திறப்பு நாளில் ஆய்வகக் கூடம் நிறைந்திருந்தது. கேண்டீனிலிருந்து ரவா கேசரி வந்திருந்தது. யாரோ ரோஜா மாலையும் வாங்கிவைத்து, அதை மேஜைக்கு அடியில் ஒளித்திருந்தார்கள். முடிவு எப்படி வருமோ? ஜெசிந்தா கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்டு, திரையின் முன்னால் நின்றார். மறைப்பான் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது. பிறகு முதல் வரி வந்தது.

சுவர்: நடப்படவில்லை.

கூடம் எழுந்து கைதட்டியது. முதலில் தட்டியவர் ரகோத்தமன். அவர் முகம் சாம்பல் பூத்திருந்தாலும் கைகள் நிற்கவில்லை. மாலையை வெளியே எடுத்துவிட்டார்கள். ஜெசிந்தா திரும்பிச் சிரிக்கப் போகையில் இரண்டாம் வரி வந்தது.

பாத்தி 37: முழுவதும் நடவு.

முன் வரிசையில் கைதட்டல் நின்றது. பின் வரிசைக்காரர்கள் இன்னும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதன் பொருள் ஜெசிந்தாவுக்கு எல்லோரையும் முந்திக்கொண்டு விளங்கியது, ஏனென்றால் அந்த ஏற்பாட்டைச் செய்யச் சொன்னவரே அவர்தான். மறைப்பானின் சட்டங்களை வகுத்த குழுவில் அவர் ஒரு கேள்வி எழுப்பியிருந்தார். பொய்யை நட்டால் மனிதர்கள் அதை நம்புவார்கள், சரி. யாரும் நடாத பொய்யை அவர்களாகவே எவ்வளவு உண்டாக்குவார்கள்? அதை அளக்க முழுக்க முழுக்க இயந்திரம் செய்த வானம் ஒன்று வேண்டும். பாடப்புத்தகக் கொள்கைப்படியே செய்த வானம். யாருக்கு அது போகும் என்பதை இயந்திரமே குலுக்கிப் போடட்டும். குழுவில் எதிர்த்தவர் ரகோத்தமன் ஒருவர் மட்டும்.

குலுக்கலில் வந்த பெயர் ஜெசிந்தா. அவர் அளந்த விண்மீன் மண்டலங்களில் ஒன்றுகூட வானத்தில் இல்லை. அவர் கண்ட சுவரோ அந்தப் பொய் வானத்திலும் இல்லை. தற்செயலாகப் பக்கத்தில் பக்கத்தில் விழுந்த புள்ளிகளை அவர் கண்ணே கோத்துக் கட்டியது அது.

கூடம் காலியான பிறகு ரகோத்தமன் ஒரு தட்டில் கேசரியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் சாப்பிடவில்லை.

“எனக்குத் தெரியாது, ஜெசிந்தா. சத்தியமாத் தெரியாது.”

“தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்களா?”

அவர் யோசித்தார். “மாட்டேன். ரூல்படி சொல்லக் கூடாதே.”

“பாருங்க, நான் போட்ட ரூல் எவ்வளவு நல்லா வேலை செய்யுது.”

“அன்னிக்கு நான் என்ன கேட்டேன்னு ஞாபகம் இருக்கா? ஒரு ஆளோட ஆயுசைக் குப்பையில போடணுமான்னு கேட்டேன்.”

“ஒரு ஆள் போனா போகட்டும்னு சொன்னேன்.” ஜெசிந்தா தட்டை அவர் பக்கம் தள்ளினார். “அந்த ஆளுக்கு ஒரு முகம் இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல ரகு.”

மறுநாள் காலையிலிருந்து பழைய மாணவர்களின் அழைப்புகள் வந்தன. ஆய்வேட்டுக்குத் திறப்பு தேவையில்லை என்பதால், முப்பத்தேழாம் பாத்தியை ஆராய்ந்தே முனைவர் ஆனவர்கள்.

“மேடம், அப்போ என் பட்டம்?” என்றாள் ஒருத்தி, அழாமல் இருக்க முயன்றுகொண்டு.

“பட்டம் அப்படியேதான்மா இருக்கு. வானம்தான் இல்ல.”

உலக வானியல் மன்றம் நன்றி தெரிவித்தது. ஒரு மனிதக் கண் எவ்வளவு பெரிய இல்லாத ஒன்றைக் காண முடியும் என்பதற்கு இதுவே இதுவரை கிடைத்த மிகச் சிறந்த அளவீடு என்று பாராட்டியது. ஈடாக, ஓய்வுக்குப் பிறகும் வைத்துக்கொள்ள நூற்றுப் பன்னிரண்டாம் பாத்தியைத் தருவதாகவும், அது அசல் வானம் என்றும் தொலைபேசியில் பேசிய அதிகாரி உறுதி சொன்னார்.

“அசல்னு யார் சொல்றாங்க?” என்று கேட்டார் ஜெசிந்தா.

“மறைப்பான்தாங்க மேடம்.”

அவர் மரியாதையாக மறுத்துவிட்டார்.

பிறகு நடந்தது உத்தரவு இல்லாமல், பேச்சு இல்லாமல் நடந்தது. பெரூவில் ஒருவரும் ஜப்பானில் ஒருவரும் குறித்திருந்த திறப்புகளைத் தள்ளிவைத்தார்கள். ஏலகிரியில் தயாராக இருந்த நான்கு கட்டுரைகளுக்கும் திடீரென்று இன்னொரு சரிபார்ப்பு தேவைப்பட்டது. இயந்திரம் வைத்திருக்கும் பொய் வானம் ஒன்றுதானா, பலவா என்று மன்றத்தை யாரோ கேட்டார்கள். எண்ணிக்கையைச் சொன்னால் சோதனை கெட்டுவிடும் என்று மன்றம் பதில் சொன்னது. கையெழுத்துப் போடாதவரை ஒருவரின் வானம் அவருடையது. எவன் போடுவான்?

செய்தி கீழே ஊருக்குள் இறங்கியபோது அங்கேயும் பேனாக்கள் தயங்கின. ஒரு விஞ்ஞானியின் ஆயுள் முழுவதும் நடவாக இருக்க முடியும் என்றால், ஒரு நீதிமன்றம் முழுவதும், ஒரு தாலுகா முழுவதும் ஏன் நடவாக இருக்கக் கூடாது? தீர்ப்புகள் ஒத்திவைக்கப்பட்டன. மனுக்கள் பரிசீலனையில் இருந்தன. வந்தவர்களுக்கு நாற்காலி மட்டும் தவறாமல் கிடைத்தது.

ஆண்டு முடிவில் மன்றம் கணக்குப் பார்த்தது. மறைப்பானின் வரலாற்றிலேயே ஒரு பொய்க் கண்டுபிடிப்புகூட வெளியாகாத முதல் ஆண்டு அதுதான். இந்தச் சாதனையைக் கொண்டாட சென்னையில் ஒரு விழா எடுத்து, மறைப்பானை உருவாக்கிய டாக்டர் ஜெசிந்தா பர்னாந்துக்குத் தங்கப் பதக்கம் அறிவித்தார்கள்.

விழா அரங்கில் முதல் வரிசையில் ரகோத்தமன் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தாலும் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

“உங்க குவாசர் கட்டுரை என்ன ஆச்சு?” என்று கேட்டார் ஜெசிந்தா.

“முடிஞ்ச மாதிரிதான். ஆனா புதுசா ஒண்ணு கண்ணுல பட்டிருக்கு, ஜெசிந்தா.” அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ரெண்டு கருந்துளை ஒண்ணை ஒண்ணு சுத்துது. ஒரே மண்டலத்துக்குள்ள. ஒளி கூடிக் கூடிக் குறையுது, யாரோ மூச்சு விடுற மாதிரி. தினமும் காலையில எழுந்ததும் அதைத்தான் முதல்ல பாக்கிறேன். வீட்டுல சிரிக்கிறாங்க.”

அவர் கைகள் காற்றில் அந்தச் சுழற்சியை வரைந்துகாட்டின. பேத்தியின் படத்தைக் காட்டுகிறவரைப் போல இருந்தது அவர் முகம். ஜெசிந்தா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கையெழுத்துப் போட்டுடுங்க ரகு,” என்றார். “சாயங்காலமே மலைக்குப் போயிடலாம். நானும் கூட வர்றேன். அது இருக்கா இல்லையான்னு பார்த்துடுவோம்.”

வரைந்துகொண்டிருந்த கைகள் மடிக்கு இறங்கின. ரகோத்தமன் அவரை, தன் கையில் இருப்பதைப் பறிக்க வந்தவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். எழுந்து, அதே வரிசையின் கடைசி நாற்காலிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

மேடையில் பதக்கம் வாங்க வரும்படி ஜெசிந்தாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் நடந்துபோகும் வழியில் இருந்த விஞ்ஞானிகள் எல்லோரும் மரியாதையாக எழுந்து, கொஞ்சம் பின்வாங்கி நின்றார்கள்.