கேட்டைத் திறந்தது யார்?

"வீ...ல்!"

கோராவின் அலறல் பிட்டர்வெல்லின் இடிந்த சுவர்களில் மோதித் திரும்பி வந்தது.

சுரங்க வாசலில் மல்லாந்து கிடந்தார் ஹைரம் வோக். கவுண்டி மியூசியத்தைக் கவனித்துக்கொண்டிருந்தவர். பின்மண்டையில் ரத்தம். கண்கள் வானத்தைப் பார்த்தபடி... அசையாமல்!

கைவிடப்பட்ட இந்த வெள்ளிச் சுரங்க ஊரைச் சுற்றிக் காட்டுவதாக அவர்தான் வரச் சொல்லியிருந்தார். சியாட்டில் பல் டாக்டர் கோரா லிண்ட்வால், லீவு போட்டுவிட்டு, மலை முகட்டு வழியாக நடந்தே வந்திருந்தாள்.

வந்தால்... பிணம்!

செல்போனை எடுத்தாள். சிக்னல் சுத்தமாக இல்லை.

"யாரு கத்தினது?"

திடுக்கிட்டுத் திரும்பினாள்.

பழைய தபாலாபீஸ் பின்னாலிருந்து ஒரு தொப்பிக்காரர் ஓடி வந்தார்.

"பயப்படாதீங்க மேடம். நான் ட்ரெவிட். இந்த நிலமெல்லாம் என்னுதுதான். வேலி பாக்கலாம்னு தனியா வந்தேன்..."

தான் பல் டாக்டர் என்பதையும், ஹைரம் போனில் கூப்பிட்டதால் முகட்டு வழியாக நடந்து வந்ததையும் கோரா படபடவென்று சொன்னாள். பிணத்தைப் பார்த்ததும் அவர் மண்டியிட்டார்.

"அடக் கடவுளே! ஹைரம்! கால் தவறி விழுந்திருக்கான். வண்டியும் காணோம். உங்கள மாதிரி முகட்டு வழியா நடந்து வந்திருப்பான் போல."

கோராவின் பார்வை கீழே போனது.

ஹைரமின் பூட்ஸில் கணுக்கால் வரை சிவப்புச் சேறு. ட்ரெவிட்டின் பூட்ஸோ பளபளவென்று இருந்தது. முகட்டு வழி முழுக்கப் பாறை. அவள் காலிலேயே வெறும் தூசிதான்.

என்னவோ உறுத்தியது.

"வாங்க, ஷெரிஃப்கிட்ட போயிடலாம்," என்றார் ட்ரெவிட்.

அவருடைய பிக்கப் வண்டியில் ஏறினாள். அவள் சீட்டின் கீழே, காலடியில், கட்டி கட்டியாகச் சிவப்புச் சேறு. பின் கண்ணாடியை ஒட்டி ஒரு ரைஃபிள். இந்தப் பக்கம் யார் வண்டியில்தான் இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

"ஹைரம் போன்ல ஏதாச்சும் சொன்னானா, டாக்டரம்மா?"

"சீனாக்காரத் தொழிலாளிங்களோட பழைய கல்லறைங்களைக் கண்டுபிடிச்சிட்டேன்னார். அதுமேல யாரோ ரிசார்ட் கட்டப் போறாங்களாம். விடவே மாட்டேன்னார்."

ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் இறுகின.

"வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான்... ஏன்?"

"சும்மாதான்."

வண்டி நின்றது. எதிரே கம்பிக் கேட். வேலிக்குள்ளே மாடுகள்.

"இறங்குங்க. பக்கத்து சீட்காரங்கதான் கேட்டைத் திறக்கணும். எங்க ஊர்ச் சட்டம்! டிரைவர் அசையவே மாட்டான். வண்டி போக வர இந்த ஒரு கேட்தான். சீக்கிரம்... பள்ளத்தாக்கு ஓரமா குறுக்கு வழியில போகணும்."

குறுக்கு வழியா?

இறங்கினாள். சளக்! கால் புதைந்தது. ஊற்றுத் தண்ணீரும் மாடுகளின் குளம்புகளும் சேர்ந்து குழப்பிய சேறு...

சிவப்புச் சேறு!

வண்டி வர இந்த ஒரே வழிதான். தனியாக வந்தவர் இங்கே இறங்கித்தானே கேட்டைத் திறந்திருக்க வேண்டும்? அப்புறம் எப்படி அவர் பூட்ஸ் பளபளக்கும்?

ஹைரம்தான் இறங்கினார். பக்கத்து சீட்டிலிருந்து!

கேட் கம்பியைத் தொட்டபடியே வண்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

ஹார்ன் அலறியது.

"அங்க என்ன யோசனை?"

அவர் கை பின்னால்... ரைஃபிளை நோக்கிப் போனது!

ஓடினால் குண்டு. ஏறினால் பள்ளத்தாக்கு.

"மிஸ்டர் ட்ரெவிட்! கம்பி ரொம்ப இறுக்கமா இருக்கு... எனக்கு வரவே மாட்டேங்குது!"

கை நின்றது. வாய்விட்டுச் சிரித்தார்.

"பல்லைப் பிடுங்கற கையால ஒரு கம்பியைக் கழட்ட முடியலையாக்கும்! சிட்டிக்காரி! நகருங்க... இதுக்கெல்லாம் தெம்பு வேணும்!"

ரைஃபிளை விட்டுவிட்டு இறங்கினார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் போய் உக்காந்துக்கறேன்," என்றாள் பரிதாபமாக.

அவர் கம்பியைக் கழற்றி, சேற்றில் சளக் சளக்கென்று கேட்டை அகல இழுத்தார்.

கோரா உட்கார்ந்தாள்.

டிரைவர் சீட்டில்!

"ஏய்...!"

வண்டி சீறியது. அவரே திறந்து பிடித்த கேட் வழியாக, அவர்மேல் சேற்றை வாரியடித்துக்கொண்டு பறந்தது. உயிர் பிழைத்த சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"மறக்காம மூடிட்டு வாங்க!"

சாயங்காலம். ஷெரிஃப் பிரன், லாக்கப் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் ட்ரெவிட்டைத் தள்ளினார்.

"ஹைரமோட மூக்குக்கண்ணாடி உன் வண்டி சீட்டுக்கடியில இருந்துச்சு. தனியா வந்தியாமே?"

ட்ரெவிட் தொங்கிப்போன முகத்துடன் முனகினார்.

"ஷெரிஃப்... என் கேட்டு திறந்தே கிடக்கு. மாடெல்லாம் ரோட்டுக்கு வந்துடும்..."

டமால்! பூட்டு விழுந்தது.

"கவலையே படாதே ட்ரெவிட்... இந்தக் கேட்டை நாங்க ஒருநாளும் திறந்து போட மாட்டோம்!"