மாலை நான்கு மணி ஸ்கேன்

மூடிப்போன கிளை அலுவலகத்திலிருந்து ஒரு ஸ்கேன் வந்திருந்தது. ஆறு மாதமாகப் பூட்டிக் கிடக்கும் கட்டிடத்தில், பிரிண்டரின் கண்ணாடிமேல் யாரோ எதையோ வைத்துப் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். அவன் திறந்து பார்த்தான். வெறும் சாம்பல் நிறம், ஓரத்தில் நான்கு விரல்நுனிகள்.

நிறுவனத்தின் எல்லாக் கிளைகளிலும் இருக்கும் பிரிண்டர்களை, மொத்தம் நாற்பத்திரண்டு, வீட்டிலிருந்தே க்ளவுட் வழியாகக் கவனித்துக்கொள்வது அவன் வேலை. எங்கோ மை தீர்ந்தால் இங்கே திரையில் தெரியும். எங்கோ தாள் சிக்கினால் இங்கே சிவப்பு விளக்கு எரியும். அவன் மட்டும் ஒரு தாளைத் தொட்டு எத்தனையோ மாதமாகிவிட்டது. மனைவி பிரிந்து, மகளையும் கூட்டிக்கொண்டு போய் ஒரு வருடம். அதன் பிறகு அந்த வீட்டில் சத்தம் என்றால் தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியும், காலை முதல் மாலை வரை காதைவிட்டு எடுக்காத ஹெட்போனில் ஓடும் பழைய பாட்டும்தான்.

முறைப்படி மேலதிகாரிக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவன் சொல்லவில்லை. காவல்காரர் பொழுது போகாமல் விளையாடுகிறார் என்று விட்டுவிட்டான். மறுநாள் மாலை நான்கு மணிக்கு ஒரு முழு உள்ளங்கை வந்தது. பெரிய கை, நீளமான விரல்கள், அழுத்திய இடமெல்லாம் ரத்தம் விலகி வெளுத்துப்போன தோல். மூன்றாம் நாள் ஒரு வரி தட்டி அந்தப் பிரிண்டருக்கே அனுப்பினான்: யார் நீங்க? கொஞ்ச நேரத்தில் அதே தாள் ஸ்கேனாகித் திரும்பி வந்தது, எழுத்தைப் பாதி மறைத்தபடி அந்தக் கையோடு.

வெளியே சொன்னால் வெட்கக்கேடு, அவனுக்கு அது பிடித்திருந்தது. நாய்கூட எட்டிப் பார்க்காத வீட்டில் நான்கு மணிக்கு ஒரு கை வந்தது. தூக்கம் வராததை எழுதினான். சாப்பாட்டில் உப்பு போட மறந்ததை எழுதினான். "ஞாயித்துக்கிழமை என் பொண்ணு வர்றா, ரெண்டு நாள் தங்குவா" என்று எழுதிய அன்று இரண்டு கைகள் வந்தன, விரல்களை விரித்து, கண்ணாடி முழுவதையும் அடைத்துக்கொண்டு. அவருக்கும் சந்தோஷம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

ஞாயிறு மூன்றரைக்கு மகள் வந்தாள். பத்து வயது, ஒரு சாண் வளர்ந்திருந்தாள். வலது கையில் மூன்று விரல் நகங்களுக்கு மட்டும் நீலச் சாயம்.

"மிச்ச விரலுக்கு என்னடா ஆச்சு?"

"பாட்டில் தீர்ந்துடுச்சுப்பா. உங்க பிரிண்டர் மாதிரி."

சிரித்துச் சிரித்து அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. மாடியில் இருக்கும் தன் அறையை, தான் வந்து திறக்கும்வரை யாரும் திறக்கக் கூடாது என்று அவள் போனிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஆறு மாதமாக அவனுக்கும் அந்த அறையைத் திறக்கும் தெம்பு இருந்ததில்லை. துவைத்து மடித்த விரிப்பையும் சாவியையும் கொடுத்தான். இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிப் போனாள்.

ஒரே ஒரு வேலை பாக்கி. மூடிய கிளையின் பிரிண்டரைத் திங்கட்கிழமைக்குள் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்லியிருந்தார்கள். மனசு கேட்கவில்லை. எடுக்கும் முன் கிளைப் பொறுப்பாளராக இருந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது விதி. ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு அந்த அம்மாவுக்குப் போன் செய்தான்.

"எந்த மெஷின் சார்? அதைக் கிளையை மூடின அன்னைக்கே பழைய சாமானுக்குப் போட்டாச்சே. கட்டிடத்தையும் இடிச்சிட்டாங்க. அங்க இப்ப வெறும் மண்ணுதான்."

போனை வைத்தான். அப்படியானால் இத்தனை நாளும் பதில் சொன்னது எது? பட்டியலில் மேலிருந்து கீழாக விரலை ஓட்டினான். வீட்டில் சோதனைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி அலுவலகம் அனுப்பிய பிரிண்டர் அதில் இல்லை.

இல்லை.

நினைவு வந்தது. கிளையை மூடிய வாரம்தான் அது வந்து இறங்கியது. ஒவ்வொன்றாக அமைக்கச் சோம்பல்பட்டு, மூடிய கிளைப் பிரிண்டரின் அமைப்பைப் பெயரோடு அப்படியே நகலெடுத்து அதில் ஏற்றியிருந்தான். பெயரை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டதுதான். கீழே வைக்க இடமில்லை. மகளின் மேசைமேல் வைத்து, மின்சாரம் கொடுத்து, கதவைப் பூட்டிவிட்டு வந்திருந்தான்.

எழுந்து மின்விசிறியை நிறுத்தினான்.

மேலே ஒரு சத்தம். மெல்லிய இரைச்சல், ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்த் திரும்பியது. ஹெட்போனை மீறி எப்போதாவது கேட்டபோதெல்லாம் பக்கத்து வீட்டு மோட்டார் என்று நினைத்த அதே சத்தம்.

"பாப்பா."

குரலை உயர்த்தினான்.

"பாப்பா, கீழ வாம்மா."

படியை நோக்கித் திரும்பினான். சுவரில் மணி நான்கு. திரையில் புது ஸ்கேன், மேலிருந்து கீழாக மெதுவாகத் திறந்துகொண்டு வந்தது. சாம்பல் நிறம். நீளமான விரல்நுனிகள். அந்தப் பெரிய கை.

அதற்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு சின்னக் கை. மூன்று நகங்களில் நீலம். விரல்நுனிகள் வெளுத்துப்போகும் அளவுக்கு அழுத்தப்பட்டு.