தவ்லெத்தின் பெயரை யாரும் அழிக்கவில்லை

பனிக்கட்டியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்ட அம்மாவுக்கு மறுநாள் அறுவை சிகிச்சை. அவளுக்கான டைட்டானியம் மூட்டு ஓஸ்கெமென் நகர ஆலையின் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் உருவாகி முடிந்திருந்தது. அங்கே கணினிப் பாதுகாப்பைச் சோதிக்கத்தான் மகள் ஸவுரேஷ் நண்பகலில் வந்து இறங்கினாள். முன்பு போன இரண்டு மூட்டுகள் நோயாளிகளின் உடம்புக்குள்ளேயே முறிந்திருந்தன.

ஜன்னலில்லாத கூடம். உலோகப் பொடியின் வாடை தொண்டையைக் கரகரக்க வைத்தது. இயந்திரக்காரர் ஒரின்பெக் அம்மாவின் மூட்டை எக்ஸ்ரே பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

திரையில், மூட்டின் நடுவே ஒரு பொந்து தெரிந்தது.

நேராக இறங்கும் குழி. அடியில், பக்கவாட்டில் ஒரு சின்ன அறை.

"கப்ரு, தங்கச்சி. எங்க ஆளுங்களைப் புதைக்கிற குழி இப்படித்தான் இருக்கும்," என்று முணுமுணுத்தார் ஒரின்பெக்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எவனோ வரைபடத்துல கை வெச்சிருக்கான், அண்ணே!"

பதிவேட்டைத் திறந்தாள். மூன்று மூட்டுகளின் வரைபடங்களையும் மாற்றியது ஒரே பெயர்: தவ்லெத்.

"எங்க இவரு?"

"இங்க வேலை பார்த்தவன். மௌத்தாகிப் பத்து மாசம். நான்தான் குழிக்குள்ள இறங்கி வெச்சேன்."

"அப்புறம் ஏன் அவரோட கணினிக் கணக்கை மூடல? ஆள் போன அன்னைக்கே மூடணும்னுதானே விதி?"

"செத்தவனுக்கு வருஷ ஃபாத்திஹா ஓதாம அவன் பேரை அழிக்கலாமா? மனசு வரல."

"திறந்த வீட்டுல நாய் நுழைஞ்ச மாதிரி எவனோ நுழைஞ்சுட்டான், பாருங்க!"

ஆனால் மாற்றங்கள் வெளியிலிருந்து வரவில்லை. இந்தக் கூடத்தின் விசைப்பலகையிலிருந்துதான் வந்திருந்தன. அந்த நேரங்களில் கூடம் பூட்டியிருந்தது.

அவள் பெயரை அழித்தாள். இணையக் கம்பியைப் பிடுங்கினாள். முத்திரையிட்டு வைத்திருந்த வரைபடத்தின் மூலப்பிரதியைப் போட்டு, புது மூட்டை அச்சிட விட்டாள். விடிவதற்குள் வந்துவிடும். அம்மா பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

இரவில் தொலைபேசி அடித்தது. மருத்துவமனை நர்ஸ்.

"அக்கா, மூட்டு வந்துடுச்சு. டாக்டரும் சும்மா இருந்தாரு, இன்னைக்கே முடிச்சுட்டாரு. இப்பதான் தையல் போட்டாங்க."

"யாரு... யாரு கொண்டுவந்தா?"

"உங்க ஆலை ஆளுதான். தவ்லெத்னு கையெழுத்துப் போட்டாரு. பாவம், இந்தக் குளிர்ல செருப்புகூட இல்லாம வந்தாரு."

ஒரின்பெக் எக்ஸ்ரே பெட்டியின் பூட்டைத் திறந்தார்.

உள்ளே மூட்டு இல்லை. ஒரு பிடி ஈரமண் இருந்தது.