இரைச்சல் யாருடையது?

நிறஞ்சனாவுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு நுனி சிவக்கும். அந்தச் சனிக்கிழமை காதும் சேர்ந்து சிவந்துவிட்டது. சிவக்காமல் என்ன செய்யும்? பாடகர் குழுவின் பதினெட்டுப் பேருக்கும் முன்னால், குழுவை நடத்துகிற பெரியப்பா யாக்கோப்பு இப்படிச் சொன்னார்:

“நிறஞ்சனான்ரை குரலிலை ஒரே இரைச்சல். பெரிய வெள்ளிக்கு மாதா பாட்டை சுசிலா பாடட்டும்.”

சிலுவையடியில் மாதா அழும் பாட்டு அது. குழு முழுவதும் நிறுத்திவிட, ஒரு பிள்ளை மட்டும் தனியாகப் பாட வேண்டும். முல்லைத்தீவுக் கரையில் உள்ள அந்தக் கோயிலில், கடலுக்குப் போகிறவர்கள்கூட அன்றைக்கு வலையை மடித்து வைத்துவிட்டு வந்து நிற்பார்கள். பதினொரு வயது நிறஞ்சனாவுக்கு இந்த வருடம்தான் அந்தப் பாட்டுக் கிடைத்திருந்தது. கிடைத்த வேகத்தில் போயும் விட்டது.

இத்தனைக்கும் காரணம் ஒரு மடிக்கணினி. போர் நின்ற சமாதான காலம் என்று பெரியப்பாவின் மூத்த மகன் பிரான்சிலிருந்து வந்திருந்தான். குழுவின் பாட்டைப் பதிந்து, தன் பழைய மடிக்கணினியில் போட்டு, தம்பி டினோஜனிடம் கொடுத்துவிட்டுப் போனான். பெரியப்பா ஹெட்போனை மாட்டிக் கேட்டார். எல்லோரும் சேர்ந்து பாடிய இடம் நன்றாக இருந்தது. நிறஞ்சனா தனியாகப் பாடிய இடத்தில் மட்டும் ‘உஸ்ஸ்ஸ்’ என்று இரைந்தது.

“தொண்டைக்குள்ளை கடற்கரை மண் போல” என்றான் டினோஜன். எல்லோரும் சிரித்தார்கள்.

அன்று பின்னேரமே நிறஞ்சனா பெரியப்பா வீட்டுக்குப் போய், மடிக்கணினிக்கு முன்னால் இருந்த கதிரையில் ஏறி உட்கார்ந்தாள்.

“நானும் கேக்கவேணும்.”

“சின்னப்பிள்ளையள் தொட்டால் பழுதாப் போயிடும்” என்றார் பெரியப்பா.

“என்ரை பேர்தான் இப்ப பழுதாப் போச்சு! கேக்காமல் எழும்ப மாட்டன்.”

அவள் சொன்னால் சொன்னதுதான். பெரியப்பா ஹெட்போனைக் கொடுத்தார்.

நிறஞ்சனா கேட்டாள். இரைச்சல் இருந்தது உண்மைதான். பாட்டின் நடுவில் அவள் மூச்சு வாங்க நிறுத்திய இடம் வந்தது. அங்கே யாருமே பாடவில்லை. ஆனால் இரைச்சல் நிற்கவில்லை!

“பெரியப்பா! இதிலை நான் வாயை மூடிக்கொண்டு நிக்கிறன். அப்பவும் இரையுது. வாயை மூடின ஆளின்ரை தொண்டை எப்பிடி இரையும்?”

“அப்ப நாங்கள் பாடேக்கை ஏன் இரையேல்லை?” என்றான் டினோஜன்.

“நீங்கள் எல்லாரும் கத்தேக்கை அது அமுங்கிப் போகுது. நான் தனியப் பாடேக்கை கேக்குது. இரைச்சல் லப்டொப்பிலை!”

“அண்ணான்ரை சாமானைக் குறை சொல்லாதை!”

“அண்ணா இதோடை வேறை என்ன தந்தவர்?”

டினோஜன் தலையைச் சொறிந்தான். “ஒரு சின்னப் பெட்டி. புதுசு. உடைக்காமல் அலுமாரிக்குள்ளை பத்திரமா வைச்சிருக்கிறன்.”

நல்ல பத்திரம்தான்! போர்த் தடையால் ஒரு சாமானும் வராத வருடங்களைக் கண்ட வீடு அது. புதிதாக எது வந்தாலும் அங்கே பொலித்தீனோடு அலுமாரிக்குள் போய்விடும்.

நிறஞ்சனா பொலித்தீனைக் கிழித்தாள். தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. கூடவே ஒரு துண்டுக் கடிதமும் இருந்தது. அதை அவள் உரக்க வாசித்தாள்.

“தம்பி, லப்டொப்புக்கு உள்ளே சத்தத்தைத் தருகிற சவுண்ட் காட் சரியில்லை. மற்றப் பகுதிகளோடு நெருக்கிக்கொண்டு இருப்பதால் இரையும். இந்தப் பெட்டி வெளியே இருந்து வேலை செய்யும். இதைப் பக்கத்துத் துளையில் செருகிப் பூட்டி, ஹெட்போனை இதில் குத்திக் கேள்.”

வாசித்து முடித்ததும் கடிதத்தை டினோஜனின் மூக்குக்கு நேரே நீட்டினாள். “ரெண்டு கிழமையா இது அலுமாரிக்குள்ளை! பழி மட்டும் எனக்கு!”

டினோஜன் பெட்டியைப் பூட்டினான். ‘உஸ்ஸ்ஸ்’ போய்விட்டது. ஆனால் இப்போது மெல்லியதாக ‘ங்ங்ங்’ என்று வேறொரு சத்தம் கேட்டது.

“பாத்தியோ, இப்ப மூக்காலை பாடுறாய்” என்றான்.

நிறஞ்சனாவுக்கு அந்தப் பெட்டியைத் தூக்கி அவன் தலையில் எறியலாம் போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி கேட்டாள். குசினிக்குப் பின்னால், மடிக்கணினிக்கு மின்சாரம் தரும் ஜெனரேற்றர் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் அது ஒருமுறை திக்கியது. காதுக்குள் கேட்ட ‘ங்ங்ங்’கும் அதோடு சேர்ந்து திக்கியது.

அவள் சட்டென்று சார்ஜர் வயரைப் பிடுங்கினாள்.

“ஐயோ, பற்றறி!” என்று தகப்பனும் மகனும் ஒன்றாகத் துள்ளினார்கள்.

அவர்கள் துள்ளியதில் நியாயமும் இருந்தது. பற்றறியே கிடைக்காத காலத்தில், பெரியப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, அதன் டைனமோ மின்சாரத்தில் றேடியோ கேட்டவர். பற்றறி முடிந்துவிடும் என்ற பயத்தில், மடிக்கணினி வந்த நாளிலிருந்து ஒருநாளும் அந்த வயரைக் கழற்றியதில்லை.

“பற்றறி பிறகு என்னத்துக்கு இருக்கு? கும்பிடவோ?” என்று கேட்டபடி, நிறஞ்சனா ஹெட்போனைப் பெரியப்பாவின் காதில் மாட்டினாள்.

பெரியப்பா கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரைச்சல் துளியும் இல்லை. அவள் மூச்சு இழுப்பதுகூடத் தெளிவாகக் கேட்டது. திடீரென்று அவர் முகம் சுளித்தார்.

“ஆரோ மூக்கை உறிஞ்சுற சத்தம் கேக்குது.”

“அது நீங்கள். பதிஞ்ச அண்டைக்கு உங்களுக்குத் தடிமன்.”

பெரியப்பா ஹெட்போனைக் கழற்றினார். “பிழை என்னிலைதான், பிள்ளை. மாதா பாட்டை நீயே பாடு.”

“எனக்கு மட்டும் சொன்னால் காணாது” என்றாள் நிறஞ்சனா. “எல்லாருக்கும் முன்னாலைதானே பழி சொன்னனீங்கள்?”

“அப்பாவை மன்னிப்புக் கேக்கச் சொல்லுறியோ?” என்று டினோஜன் வாயைப் பிளந்தான்.

“ஓம். நீங்களும்தான்.”

அடுத்த பயிற்சியில் இருவரும் குழுவுக்கு முன்னால் எழுந்து நின்றார்கள். கடற்காற்றை மீறிப் பாடுகிற பெரியப்பா அன்று மெல்லத்தான் பேசினார். இருந்தாலும் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னார். மண் கதை சொன்னது தன் பிழை என்று டினோஜன் நிலத்தைப் பார்த்தபடி சொன்னான்.

முதலில் கை தட்டியது சுசிலாதான். “அப்பாடா! அந்த மேல் சுருதி எனக்கு எட்டவே இல்லை!”

நிறஞ்சனா பாடத் தொடங்கினாள். இரண்டாவது அடியிலேயே பெரியப்பா தயங்கித் தயங்கிக் கையை உயர்த்தினார்.

“மாதா அழுகிற இடமெல்லே, பிள்ளை? நீ சண்டை பிடிக்கிற மாதிரிப் பாடுறாய்.”

“இண்டைக்கு இப்பிடித்தான் வரும், பெரியப்பா. பெரிய வெள்ளிக்கு இன்னும் ரெண்டு கிழமை கிடக்குத்தானே? அதுக்குள்ளை ஆறிடும்.”