வாசலைத் தொட்டுப்போகும் வெளிச்சம்

அன்றும் வண்டி நிற்கவில்லை.

மாலை ஆறே முக்காலுக்குத் தெருமுனையில் கணவன் கலைச்செல்வனின் வண்டிச் சத்தம் கேட்டது. முன்விளக்கின் வெளிச்சம் ஜன்னல் வழியே சுவரில் ஏறி, காலண்டரையும் வள்ளலார் படத்தையும் மெல்லத் தடவி, மறுமூலையில் இறங்கிப் போயிற்று. சுரங்கத்திலிருந்து வருகிறவருக்குப் படியேறும் முன் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்பது மணிமொழி கல்யாணமான நாளிலிருந்து தவறவிடாதது. சொம்போடு ஓடிப்போய் அவள் கேட்டைத் திறந்தபோது தெருவில் யாருமில்லை. தூரத்தில் மண் சுமக்கும் பெல்ட்டின் ஓயாத இரைச்சலும், புழுங்கிய கரி வாசனையும்தான் இருந்தன.

பதினோரு நாளாக இப்படித்தான்.

முதல் நாள் மாலை ஓர் எரிகல்லை டவுன்ஷிப்பே பார்த்தது. பண்ருட்டிப் பக்கம் நெருப்பாகக் கிளம்பி, தலைக்கு மேலே சத்தமில்லாமல் நீள ஓடி, கம்மாபுரம் பக்கம் அணையாமலே மறைந்தது. விழும் சத்தத்துக்காக எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அது விழவில்லை. சில கற்கள் காற்றை மேலாக உரசிவிட்டு விண்வெளிக்கே திரும்பிவிடும் என்று டிவியில் சொன்னார்கள். உரசியதில் வேகம் குறைந்தால் பூமியையே சுற்றிச் சுற்றி வரும், வரவர மெதுவாகும், ஒருநாள் இறங்கிவிடும்.

அன்று வேலைக்குப் போன கலைச்செல்வன்தான் வீடு திரும்பவில்லை.

"அஞ்சு மணிக்கே டோக்கன் போட்டுட்டு வெளிய போயிட்டாரும்மா" என்றார் காண்ட்ராக்ட் ஆபீஸ்காரர். "மைன்ஸ்ல இல்லன்னு அவங்களே சொல்றாங்களே, சொந்தக்காரங்க வூட்ல பாருங்க" என்றார்கள் போலீஸ் ஸ்டேஷனில். ஐந்து முறை போனாள், ஐந்து முறையும் அதே பதில். அடுத்த குவார்ட்டர்ஸ் பட்டம்மாளோ, "எவனோ ஷிப்டு முடிஞ்சி போறான். நீ தெனமும் சொம்பத் தூக்கிகினு ஓடு" என்றாள். சொம்பைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது மணிமொழிக்கு.

பன்னிரண்டாம் நாள் மதியம் கணவனோடு வேலை பார்க்கும் கொளஞ்சிநாதன் வந்து, தலை நிமிராமல் நின்றான்.

"அண்ணி, அண்ணன் டோக்கன நான்தான் போட்டேன்."

"ஏன் தம்பி?" என்றாள்.

"அன்னிக்கி பெல்ட்டு பாக்கற ராஜாங்கத்தோட கொழந்தைக்கு ஜுரம். மாத்தறதுக்கு ஆள் வரல. 'நீ வூட்டுக்குப் போ, நான் நிக்கிறேன்'னு அண்ணன் மண்மேட்டு மேல ஏறிட்டாரு. லேட்டானா கேள்வி கேப்பாங்கன்னு எப்பவும் ஒருத்தருக்கொருத்தர் டோக்கன் போட்டுடுவோம். ஒத்தாசைன்னு நெனச்சிதான் போட்டேன். அந்தக் கல்லு போனப்போ அவரு மேலதான் நின்னிருக்காரு, எறங்கி வரவேயில்ல. அப்புறம் எனக்கும் ராஜாங்கத்துக்கும் சொல்ல பயம். இன்னிக்கித்தான் ஆபீஸ்ல சொன்னேன். தேடிகினு இருக்காங்க."

இத்தனை நாளும் சுரங்கத்துக்கு வெளியிலேயே தேடியிருக்கிறாள். ஆனாலும் அந்தச் சொம்பிலேயே தண்ணீர் மொண்டு நீட்டினாள்.

"குடிங்க தம்பி. நல்லதுக்குத்தானே செஞ்சீங்க." பிறகு கேட்டாள், "அவரு வண்டி?"

"ஸ்டாண்டுலயேதான் நிக்கிது அண்ணி. சீட்டெல்லாம் தூசி படிஞ்சிகினு கெடக்கு."

அப்படியானால் தினமும் வருவது?

மாலையானது. விளக்கேற்றி, சொம்பை நிரப்பி, கேட்டைத் திறந்து வைத்து நின்றாள். முதல் நாள் அந்த வெளிச்சம் சுவரைக் கடக்க அவள் மூன்று எண்ணினாள். நேற்று இருபது. டிவியில் சொன்ன கல்லைப்போல, தினமும் மெதுவாகிறது.

ஆறே முக்கால்.

வண்டிச் சத்தம். அவர் கியர் மாற்றும் அதே தடுமாற்றம். வெளிச்சம் திரும்பியது. பட்டம்மாள் வீட்டு மதிலில் ஊர்ந்தது. வேப்பமரத்தில். கேட்டில்.

அவள்மேல் விழுந்தது. நின்றது.

சத்தமும் நின்றது. பெல்ட் இரைச்சலும் இல்லை.

வண்டி இல்லை. வெளிச்சத்துக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் நீண்டது. நீலச் சட்டைக் கை. மணிக்கட்டில் சிவப்பு நூல் போட்டு அவளே தைத்த பொத்தான்.

"வந்துட்டீங்களா" என்றாள். சொம்பை நீட்டினாள். தாகத்தோடு வந்தவரிடம் முதலில் வேறென்ன கேட்பது?

விரல்கள் சொம்பைத் தொட்டன. உள்ளே தண்ணீர் பனிக்கட்டியாக இறுகி விரிசல் விட்டது.

அப்போதுதான் நிமிர்ந்தாள். கைக்குப் பின்னால் தோள் இல்லை. சட்டைக் கை நீண்டுகொண்டே போயிற்று. கேட்டைத் தாண்டி. வேப்பமரத்தைத் தாண்டி. புகைபோக்கிகளின் சிவப்பு விளக்குகளுக்கும் மேலே, நூலாக மெலிந்து, கம்மாபுரத்து வானத்துக்குள்.

விரல்கள் சொம்பை விட்டன. அவள் மணிக்கட்டை, எப்போதும் பிடிப்பதுபோல மெதுவாக, பிடித்துக்கொண்டன.

வெளிச்சம் நகரத் தொடங்கியது.